எரவலுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

மகள் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள். வெயிலில் வைக்கலாமென்று அவள் பையிலிருந்து ஷூவை எடுத்தேன். ஃபுட்பால் ஆடுகிற பிள்ளையின் ஷூ எப்படி நாறும் என்று உங்களுக்கே தெரியும். இது நாறவில்லை. கடையில் வாங்கிய அன்றைய ரப்பர் வாசனை அப்படியே இருக்கிறது. எனக்குக் கவலை வந்துவிட்டது. (மழை வந்தாலும் போன் வந்தாலும் எனக்கு முதலில் கவலைதான்.)

"ஆடவே விடலியாம்மா?"

"பெரிய கிளப்புப்பா. எனக்கு முன்னால மூணு பேரு நிக்கிறாங்க. நமக்கு பெஞ்சுதான்."

பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு சின்ன கிளப் கூப்பிடுகிறதாம். எல்லா மேட்சும் ஆடலாமாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

நாறாத ஜெர்சி ஒன்று எனக்கும் இருந்தது. ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு, கடலூர் ஓல்டு டவுனில் ஐஸ் கம்பெனியில் கட்டி தூக்கிக்கொண்டிருந்த காலம். ஊரிலேயே பெரிய டீமில் என்னைச் சேர்த்திருந்தார்கள். சேர்த்தார்கள் என்றால், உட்கார வைத்தார்கள். ஞாயிறுதோறும் மஞ்சக்குப்பம் மைதானத்தில் மற்றவர்களின் செருப்புக்குக் காவல். துவைக்கிற வேலை இல்லாததால் எங்கள் அம்மாவுக்கு மட்டும் அந்த டீமின் மேல் தனி மரியாதை.

அப்போதெல்லாம் ஆள் குறைந்த டீம்காரன் அடுத்த ஊர் டீமில் ஆள் எரவல் கேட்பான், காப்பித்தூள் கேட்கிற மாதிரி. சிதம்பரத்துச் சின்ன டீம் ஒன்றுக்கு ரஹீம்தான் கேப்டன். ஒருநாள் எங்கள் கேப்டனிடம் வந்து நின்றான்.

"அண்ணே, டிஃபென்ஸ்ல ஒரு ஆளு கொறையுது. சும்மா குந்தியிருக்கிறவன் யாராச்சும் இருக்கானா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பயம். "நான் போய்ட்டா என் எடம்?"

"எந்த எடம்டா? செருப்புக்குப் பக்கத்துலயா? அது எங்க போவப்போவுது. ஆடிட்டு வா," என்றார் கேப்டன்.

சிதம்பரத்தில் முதல் ஆட்டம். பந்து என் முட்டியில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே போனது. ரஹீம் ஓடிவந்தான்.

"மச்சான், டீம் மாறி வந்தே, சரி. கோலையும் மாத்திட்டியா?"

திட்டினானே தவிர, அடுத்த ஞாயிறும் என்னைத்தான் இறக்கினான். வேறு ஆள் ஏது? தப்பு பண்ணினாலும் தூக்கி உட்கார வைக்க முடியாது, அதுதான் சின்ன டீமின் பெருமை. தப்பு பண்ணிப் பண்ணியே எனக்குக் கால் படிந்தது. மழைக்காலம் முடிந்து கடலூர் டீமுக்கே திரும்பியபோது, எங்கள் கேப்டன் பாதி ஆட்டம் பார்த்துவிட்டு, "இனிமே குந்தாத," என்றார். அன்றைக்கு ஜெர்சியை அம்மா இரண்டு விரலால்தான் வாங்கினாள்.

அப்புறமென்ன, மகளைப் போகச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். சின்ன கிளப்பில் அடிபட்டால் யார் பார்ப்பார்கள்? முட்டை, பால், டாக்டர் எல்லாம் சென்னையில்தானே ஒழுங்காக இருக்கிறது? அந்தக் கிளப்பையே அடுத்த வருஷம் மூடிவிட்டால்? சரி, சென்னையிலேயே இருக்கட்டும் என்றால், உட்கார்ந்தே வயது போய்விட்டால்?

நேற்று கேட்டேன். "அங்க நல்லா ஆடிட்டு, அப்புறம் சென்னைக்கே திரும்பிக்கலாம் இல்லம்மா?"

"எங்கப்பா? நான் வெளிய வந்த மறுநாளே ஹாஸ்டல்ல என் கட்டில்ல வேற பொண்ணு படுத்திருக்கும். திரும்ப செலக்‌ஷன்ல மொதல்லேர்ந்து நிக்கணும்."

"ரெண்டு மாசம் எரவலா அனுப்ப மாட்டாங்களா?"

சிரித்துவிட்டாள். "அதெல்லாம் பெரிய பிளேயருக்குப்பா. எங்களயெல்லாம் யாரு எரவல் கேப்பா?"

இரவெல்லாம் புரண்டுவிட்டுக் காலையில், "போம்மா, போய் ஆடு," என்றேன். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

சிதம்பரத்துக்கு இன்றும் ரயில் போகிறது, மஞ்சக்குப்பத்தில் மைதானம் இருக்கிறது. திரும்பி வருவான் என்று நம்பி ஆளை விட்டுக்கொடுத்த கேப்டன்மார்தான் இல்லை. 'கொஞ்ச நாளைக்கு அவள் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவைக்க, சென்னையில் நான் யாரைத் தேடுவேன்?