விக்கலுக்கு ஒரு சீனக் குடிநீர்

மெட்ரோ ரயில் ஆற்றைத் தாண்டி லவால் நகர் வரைக்கும் ஓடத் தொடங்கிய வருடம் அது. நான் மொன்றியல் டவுன்டவுனுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருந்தேன். இனிக் குணப்படுத்த முடியாது என்று சொல்லப்பட்டவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் வார்டு எங்களுடையது. அங்கேதான் வேலை என்று சொன்னால் எங்கள் தமிழ்ச் சனம் உடனே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். எப்படித்தான் தாங்குகிறாய் என்று கேட்கும். நானோ வேறெந்த வார்டிலும் அவ்வளவு சிரித்ததில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு சீனர் எங்களிடம் வந்து சேர்ந்தார். சைனாடவுனில் ஒரு உணவகத்தின் குசினியை நெடுங்காலம் நடத்தியவர். அடுப்பு இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகிய குரல். ஈரலில் புற்றுநோய். வலிக்குக் கொடுத்த மருந்து நன்றாக வேலை செய்தது. அவரை வாட்டியது விக்கல். சாப்பிடும்போதும் விக்கினார், கதைக்கும்போதும் விக்கினார், நித்திரையிலும் விக்கினார். ஒவ்வொரு விக்கலுக்கும் கட்டில் ஒரு தரம் உலுங்கும். விறாந்தையின் மறுமுனையில் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் எனக்கு அது கேட்கும்.

எங்கள் டாக்டர் ஒரு இளம் கியூபெக் பெண். அவர் எழுதிக் கொடுத்த மருந்து விக்கலை நிறுத்தியது, ஆளையும் சேர்த்துப் படுக்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய கூட்டாளிகள் மாஜோங் என்ற சீனக் கட்டை விளையாட்டு ஆடப் பெட்டியோடு வந்து, வாயைத் திறந்து தூங்குகிறவரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதைத் திறக்காமலே திரும்பிப் போனார்கள். விழித்ததும் விஷயத்தைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்தது. லவாலில் இருக்கும் மகள்தான் பிரெஞ்சில் எங்களுக்குச் சொல்வாள்.

"விக்கல் இருந்தால் இருக்கட்டும், என்னைத் தூங்க வைக்க வேண்டாம் என்கிறார் அப்பா" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "இன்னும் கொஞ்சம் சொன்னார், அதை நான் மொழிபெயர்க்கவில்லை" என்றாள்.

டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்ததும் விக்கல் திரும்பி வந்தது. அடுத்த நாள் அவருடைய மனைவி ஒரு பெரிய பிளாஸ்க்கோடு வந்தார். மெலிந்த, உயரம் குறைந்த மனிசி. குளிர்காலக் கோட்டுக்குள் பாதி ஆள்தான் இருப்பது போலத் தெரியும். மூடியைத் திறந்ததும் ஈர மண்ணும் மரப்பட்டையும் கராம்பும் சேர்ந்து கொதித்த மாதிரி ஒரு மணம் அறையை நிறைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தது. மணத்தின் பின்னாலேயே எங்கள் பொறுப்புத் தாதியும் வந்தார்.

பொறுப்புத் தாதி ஹெயிட்டித் தீவில் பிறந்த கறுப்பினப் பெண். இப்படியான மருந்துகளை வெள்ளைக்காரர்தான் எதிர்ப்பார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எங்கள் வார்டில் அதற்கு நேர்மாறு. சின்ன வயதில் காய்ச்சல் வந்தாலும் வயிறு நொந்தாலும் அம்மா மூக்கைப் பிடித்து இலைச்சாறு பருக்கியதை அவர் இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து தப்பத்தான் தாதிப் படிப்புக்கே போனேன் என்று பகிடியாகச் சொல்வார். வார்டில் என்னவென்று தெரியாத எதையும் நோயாளி குடிக்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லி, கையை நீட்டி பிளாஸ்க்கைக் கேட்டார்.

அந்த மனிசி வாதாடவில்லை. கோப்பையில் ஊற்றி, எங்கள் முன்னாலேயே முழுவதையும் குடித்தார். பிறகு இன்னொரு கோப்பை ஊற்றிப் பொறுப்புத் தாதியிடம் நீட்டினார். கட்டிலில் இருந்தவர் விக்கிக்கொண்டே சிரித்தார். சிரிப்பும் விக்கலும் மோதி அவருக்கு மூச்சு முட்டியது. நான் ஓடிப்போய் நிமிர்த்தி இருத்தினேன்.

பிற்பகல் கூட்டத்தில் எல்லோரும் இதைத்தான் பேசினோம். டாக்டருக்கு ஆர்வம் இருந்தது. தன் மருந்து ஆளைத் தூக்கத்தில் போடுகிறது, அதனால் வேறு எதையும் கேட்கத் தயார், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். உடற்பயிற்சி கொடுக்கும் பெண், மணிக்கட்டில் ஓரிடத்தை அழுத்தினால் குமட்டல் குறையும் என்று ஒரு சீன வைத்தியர் காட்டித் தந்ததைத் தான் நோயாளிகளுக்குச் செய்துவருவதாக அப்போதுதான் வாய் திறந்தாள். பொறுப்புத் தாதி அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் அதற்குமேல் விரிவாகச் சொல்லவில்லை. என்னிடம் கேட்டார்கள். தடிமன் வந்தால் என் வீட்டிலும் கொத்தமல்லிக் குடிநீர்தான், ஆனால் அதை நான் குடிப்பேனே தவிர நோயாளிக்குக் கொடுப்பேனா என்று தெரியாது என்றேன். அது ஒரு பதிலே இல்லை என்று எனக்கே தெரிந்தது.

எங்கள் மருந்தாளர் சென்னைப் பொடியன். இங்கே படிக்க வந்து, படித்து முடித்து வேலைக்கும் சேர்ந்தவர். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது கேட்டேன்.

"தம்பி, நீர் இதை நம்புறீரோ?"

"நான் நம்பலக்கா. ஆனா நம்பாததுக்கும் ஒரு காரணம் வேணும்ல. அந்தக் கஷாயத்துல என்ன இருக்குன்னு முதல்ல பார்ப்போம்."

மறுநாள் அந்த அம்மா மருந்துப் பொட்டலத்தையே கொண்டுவந்து எங்கள் மேசையில் விரித்துவைத்தார். கராம்பும் இஞ்சியும் எனக்குத் தெரிந்தவை. காய்ந்த நாலிதழ்ப் பூ மாதிரி ஒன்று இருந்தது. அது பூ இல்லை, பெர்சிமன் பழத்தின் தலையில் காம்போடு ஒட்டியிருக்கும் மூடி, விக்கலுக்கென்றே பாவிப்பது என்று மகள் சொன்னாள். பழத்தை இத்தனை வருடம் வாங்கித் தின்று, அந்த மூடியை நான் குப்பையில்தான் போட்டிருக்கிறேன். கடைசியாக ஒரு வேர். அதைக் கண்டதும் மருந்தாளரின் முகம் மாறியது. ஜின்செங்.

நோயாளியின் காலில் இரத்தக் கட்டி இருந்ததால் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசை கொடுத்துவந்தோம். ஜின்செங் அந்தக் குளிசையின் வேலையைக் கெடுக்கக்கூடும் என்று மருந்தாளர் விளக்கினார். மற்றவை கொஞ்சமாகப் போனால் தனக்கு ஆட்சேபம் இல்லை, வேர் மட்டும் ஆகாது என்றார். மகள் மொழிபெயர்த்தாள். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேர் இல்லாத மருந்து தேயிலை போடாத தேத்தண்ணீர் மாதிரி என்றார். பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்த சைனாடவுன் வைத்தியர் சரி என்று சொன்னால் தானும் சரி என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்.

மருந்தாளர் வைத்தியருக்குப் போன் எடுத்தார். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம்தான். வைத்தியர் சண்டைக்கு வருவார் என்று நாங்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். போனை வைத்துவிட்டு மருந்தாளர் தலையைச் சொறிந்தார்.

"அவர் என்னைத் திட்டுறாருக்கா. இந்த மாத்திரை சாப்பிடுறவருக்கு ஜின்செங் கொடுப்பேனா, ஏன் என்கிட்ட யாருமே சொல்லலன்னு கேக்குறார்."

"வைத்தியரிட்ட ஆர் சொல்லியிருக்க வேணும்? நாங்களோ, அவவோ?"

"யாரும் அவர்கிட்ட கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. நம்மகிட்டயும் அதே கதைதான்."

வேர் இல்லாமல் புதிய பொட்டலம் வந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். பொறுப்புத் தாதியும் ஒரு நிபந்தனை போட்டார். அறைக்குள் திறக்கக் கூடாது, உறவினர்கள் சாப்பிடும் சின்ன அறையில் காற்றாடியைப் போட்டுவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். அந்த அம்மா ஒவ்வொரு நாளும் அங்கே போய் நின்று, அரைக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி விறாந்தையால் மெதுவாக நடந்து வருவார். நாங்கள் வண்டில்களை ஒதுக்கி வழிவிடுவோம். கணவர் முகத்தைக் கோணிக்கொண்டு குடிப்பார். ஒரு துளி மிஞ்சினாலும் மனைவி கோப்பையைத் திருப்பிக் கொடுப்பார்.

அந்த வாரத்திலேயே விக்கல் குறையத் தொடங்கியது. முதலில் சாப்பாட்டு நேரத்தில் நின்றது, பிறகு பகலில் நின்றது. ஒரு காலை நான் வேலைக்கு வந்தபோது வார்டு அமைதியாக இருந்தது. அவருக்கு ஏதோ நடந்துவிட்டதென்று பயந்து அறைக்கு ஓடினேன். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து பட்டர் பூசிய பாண் தின்றுகொண்டிருந்தார்.

அதே வாரம் டாக்டர் பழைய மருந்தை நிறுத்திவிட்டு வேறொன்றைச் சின்ன அளவில் தொடங்கியிருந்தார். எனவே யாருக்குப் பெருமை என்பதில் வார்டில் பெரிய தர்க்கம். விக்கல் எப்போதோ ஒரு நாள் தானாக நிற்கத்தான் போகிறது என்றார் பொறுப்புத் தாதி. மருந்தாளர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். மனைவிக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. டாக்டர் மட்டும் எந்தச் சங்கடமும் இல்லாமல், "எனக்குத் தெரியாது. அவர் விழித்திருக்கிறார், அது போதும்" என்றார். தெரியாது என்பது டாக்டர்கள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டிராத வார்த்தை. அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் மறுபடி வந்தார்கள். ஒருவருக்குத் தடிமன் என்று அவர் வரவில்லை. மாஜோங்குக்கு நாலு பேர் வேண்டும். மனைவி விளையாட மாட்டேன் என்றார், கணவர் ஏமாற்றுவார் என்று காரணமும் சொன்னார். கட்டைகள் மேசையில் உருளும் சத்தம் கேட்டுப் பொறுப்புத் தாதி வந்தார். பக்கத்து அறையில் நோயாளி இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போய், ஒரு குளியல் துவாயை எடுத்துவந்து கட்டைகளுக்குக் கீழே விரித்தார். விரித்தவரை இவர்கள் விடவில்லை. காலிக் கதிரையைத் தட்டிக் காட்டினார்கள். தன் இடைவேளை நேரம் மட்டும் என்று உட்கார்ந்தார். விதிகளை மகள் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். பொறுப்புத் தாதி வென்றார். கிழவர் போட்ட சத்தத்துக்குத் துவாய் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு அவர் வீட்டுக்குப் போக விரும்பினார். மகள் வீட்டில் கட்டில் போட்டு, தாதிகள் வந்து பார்க்க ஒழுங்கு செய்தோம். முதல் பெரிய பனி கொட்டிய கிழமை அங்கேயே இறந்துபோனார். மகள் போன் செய்து சொன்னாள். கடைசி மத்தியானம் அம்மாவின் சூப்பில் உப்புக் குறைவு என்று சண்டை பிடித்தாராம். சொல்லும்போது அவள் அழுதாள், இடையில் சிரிக்கவும் செய்தாள். நானும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு எங்கள் டாக்டர், புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் வீட்டில் வேறு என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். அதட்டாமல், மழை வருமா என்று கேட்பது போலக் கேட்பார். அப்படிக் கேட்டதும் பைகள் திறந்தன. எங்கள் சனத்தின் கைப்பைகளிலிருந்து வேப்பம் பொடியும் கருஞ்சீரக எண்ணெயும் வெளியே வந்தன. வெள்ளைக்காரருக்கு இந்தப் பழக்கமெல்லாம் இருக்காது என்று நான் நினைத்திருந்தேன். ஒரு கியூபெக் கிழவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, தலையணைக்குக் கீழேயிருந்து ஜின் சாராயப் போத்தல் ஒன்றை எடுத்து நீட்டினார். வயிற்றுக்கு நல்லது, அப்பா காலத்து வைத்தியம் என்றார். டாக்டர் மருந்தாளரைப் பார்த்தார். மருந்தாளர் போத்தலை வாங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டுக் குறித்துக்கொண்டார்.