மயக்கம் வராத பீர்

ருசி பார்க்கிற வேலை என்றால் கேட்பவர்களுக்கு வாய் ஊறும். பார்த்தவனுக்கு வயிறுதான் எரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் எங்கள் கிராமத்தில் அப்பாவின் வயலையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாகுபுரத்துக் கெமிக்கல் பாக்டரியில் லேபுக்கு ஆள் எடுத்தார்கள். போய் நின்றால், ஒரு வருஷ அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். வேலை கிடைத்தால்தான் அனுபவம் வரும், அனுபவம் இருந்தால்தான் வேலை வரும். இதில் மாட்டிச் சுற்றி வந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போது தூத்துக்குடியில் சோடா பாக்டரி வைத்திருந்த சண்முகவேல் அண்ணாச்சி ஒரு கெமிஸ்ட் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். என் மார்க் ஷீட்டை அவர் திறக்கவே இல்லை. மூன்று டம்ளரில் தண்ணீர் வைத்துக் குடிக்கச் சொன்னார். முதலாவது ஆற்றுத் தண்ணீர், இரண்டாவது உப்புக் கிணறு, மூன்றாவது இரண்டும் பாதிப் பாதி என்றேன். தாமிரபரணி குடித்து வளர்ந்த நாக்கு, வேறென்ன சொல்லும்? அன்றைக்கே வேலையில் சேர்த்துக்கொண்டார்.

அண்ணாச்சிக்கு ஒரு வைராக்கியம். மதுவிலக்கைத் தளர்த்தி ஊரெல்லாம் கடை திறந்திருந்த நேரம் அது. அவருடைய சோடா வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேர் பீர் கடை வாசலில் நின்றார்கள். அவர் திருச்செந்தூருக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு ஒரு வேண்டுதலோடு திரும்பினார். வேலையில் சேர்ந்த அன்று அதை என்னிடம் சொன்னார்: "நுரை வரணும், கசக்கணும், ஏப்பம் வரணும். மயக்கம் மட்டும் வரப்படாது. அப்படி ஒரு பீர் ஓடட்டும், வருஷம் முடிஞ்ச அன்னைக்கே லெட்டர் பேடுல முத்திரை குத்தி சர்டிபிகேட்டு தாரேன்."

கடலுக்கடியில் ஏப்பம்

முதலில் பிறந்தது இஞ்சி பீர். இஞ்சியை இடித்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, இரண்டு நாள் பொங்கவிட்டு, பாட்டிலில் அடைத்து மூடி அடிப்போம். பொங்குகிற சரக்கை மணிக்கொரு தரம் நாக்கில் வைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. இரண்டே நாளில் என் நாக்கின் மேல்தோல் கழன்றுவிட்டது. அண்ணாச்சி மட்டும் ஒவ்வொரு தரமும் "இன்னும் கொஞ்சம் உறைக்கட்டும்" என்றார்.

திரேஸ்புரம் கடற்கரையில், மூழ்கிச் சங்கு குளிக்கிறவர்களுக்கு ஓசியில் ஒரு பெட்டி கொடுத்துப் பார்க்கலாம் என்று அவரே முடிவு செய்தார். காலையில் தோணி ஏறப்போன ஆள் ஒருவர், பெயர் சவேரியார், குளிருக்கு இதமாக இருக்கிறதென்று இரண்டு பாட்டிலை அடுத்தடுத்துக் குடித்துவிட்டுப் போனார். கருத்துக் கேட்க மத்தியானம் நான் கரையில் நின்றேன். தோணியிலிருந்து இறங்கியவர் நேராக என்னிடம் வந்தார்.

"அடியில போயிச் சங்கைக் கண்ணால பாத்துட்டேன் தம்பி. கையை நீட்டுதேன், ஏப்பம் வருது. மூச்சும் போச்சு, சங்கும் போச்சு. ஒங்க மொதலாளிய ஒரு நா எங்கூடக் கடலுக்குள்ள அனுப்பி வையும், ஏப்பம்னா என்னன்னு அவருக்குங் காட்டுதேன்."

பூச்சிக்கு நல்லது

பீர் என்றால் கசக்க வேண்டும் என்பதில் அண்ணாச்சி பிடிவாதமாக இருந்தார். சித்திரையில் வேப்பமரம் பூத்ததும் அவருக்கு வழி பிறந்துவிட்டது. வேப்பம்பூ பீர். நான் முதல் மடக்கு குடித்தது ஒரு திங்கட்கிழமை. வியாழக்கிழமை வரை எனக்குச் சோறும் கசந்தது, காப்பியும் கசந்தது, வாழ்க்கையும் கசந்தது. "இது விற்காது அண்ணாச்சி" என்று சொன்னேன். "ஒன் நாக்கு தண்ணிக்குத்தான் சரி" என்று சொல்லி ஆறு பெட்டி அனுப்பிவிட்டார்.

ஒரு வாரத்தில் எல்லாக் கடையிலிருந்தும் பெட்டி அப்படியே திரும்பி வந்தது. அந்தோணியம்மாள் அக்காவின் பெட்டிக்கடையில் மட்டும் பன்னிரண்டு பாட்டில் காலி. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. யார் குடித்தார்கள், எப்போது குடித்தார்கள், நுரையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று விசாரித்து வர என்னைச் சைக்கிளில் விரட்டினார். என் சர்டிபிகேட்டே அந்தப் பன்னிரண்டு பாட்டிலில்தான் இருக்கிறது என்று நானும் மூச்சு வாங்க மிதித்துப் போனேன்.

அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நல்லாக் கேக்குது தம்பி. இந்தத் தெருப் பிள்ளையளுக்குப் பூரா ஆளுக்கு ரெண்டு கரண்டி குடுத்தேன், வயித்துல கெடந்த பூச்சி எல்லாம் வெளிய வந்துட்டு. இதுல பேதிக்குன்னு தனியா ஒண்ணு செய்வியளா?"

சைவ ஓட்டலில் மூன்று பூனை

பீரைக் குளிரவைத்துக் கொடுத்தால் கசப்பு தெரியாது என்று யாரோ ஒருவர் சொல்லிவிட்டார். அந்த ஆள் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். கத்திரி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஊரில் ஐஸ் இருந்த இடம் மீன் ஏலம் போடுகிற இடம்தான். அண்ணாச்சி திரேஸ்புரத்திலிருந்து மரப்பெட்டியோடு ஐஸ் வாங்கி வரச் செய்து, அதில் நான்கு டஜன் பாட்டிலைப் புதைத்தார். முதல் நாள் அந்தப் பெட்டிக்குள் சீலா மீன் படுத்திருந்தது. நான் மூக்கைப் பொத்தினேன். "மூடி இறுக்கமா இருக்குல்லா? உள்ள எப்படிலே நாத்தம் போவும்?" என்றார். விஞ்ஞானப்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் குடிக்கிறவன் பாட்டிலின் வாயில்தானே வாயை வைக்க வேண்டும் என்பதை விஞ்ஞானம் படித்த நானும் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

சரக்கு போன இடம், ஊரிலேயே ஆசாரத்துக்குப் பேர் போன ஒரு சைவ ஓட்டல். வெங்காயத்தையே யோசித்து யோசித்துச் சேர்க்கிறவர்கள். பத்து மணிக்கு இறக்கினோம், பதினொன்றரைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போனால் சாப்பிட உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இலையை மடக்கிவிட்டு வெளியே நிற்கிறார்கள். கல்லாவில் இருந்த பெரியவர் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில், நான் நின்ற இடத்திலேயே குறுகிப் போனேன்.

"முப்பது வருசமா இந்தப் படியில ஒரு பூனை ஏறுனது கெடையாது வே. இன்னைக்கு மூணு வந்திருக்கு, மூணும் ஒம்ம பாட்டிலத்தான் கேக்குது. வித்துட்டுப் போறதுன்னா அதுகளுக்கு வித்துட்டுப் போம்."

கை நடுங்காத பிரசங்கம்

கருப்பட்டி பீர் மட்டும் உண்மையிலேயே நன்றாக இருந்தது. உடன்குடிக் கருப்பட்டி, சுக்கு, கொஞ்சம் எலுமிச்சை. அந்த வருஷத்தில் நான் இரண்டாவது மடக்குக் கேட்டு வாங்கிக் குடித்தது அது ஒன்றுதான். சாயர்புரத்தில் மதுவிலக்குக் கூட்டம் நடத்த இருந்தவர்கள் கேள்விப்பட்டு, மயக்கம் வராத பீர் இதோ இருக்கிறது என்று இளைஞர்களுக்குக் காட்ட இரண்டு பெட்டி கேட்டார்கள். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேண்டுதல் பலித்துவிட்டது என்றார். எனக்கும் சாகுபுரம் கண்ணில் தெரிந்தது.

ஆனால் அது மூன்று நாளுக்குள் குடித்துவிட வேண்டிய சரக்கு. கூட்டம் இரண்டு தடவை தள்ளிப்போனது. பெட்டிகள் பதினெட்டு நாள் ஒரு தகரக் கொட்டகைக்குள் வெந்துகொண்டிருந்தன, உள்ளே கருப்பட்டி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பெட்டிகள் அங்கேயே கிடந்தது எங்களுக்குத் தெரியாது. கூட்டத்தன்று பேச வந்தவர் ஞானமுத்து வாத்தியார், மேடைக்கூச்சம் உள்ளவர். எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கும்போதே அவர் கையில் காகிதம் படபடக்கும். தொண்டை வறண்டதால் ஏறும் முன் மூன்று பாட்டில் குடித்தார். ஏறினார். காகிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார். குடியின் தீமையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் கர்ஜித்தார். நடுவில் இரண்டு கீர்த்தனை பாடினார். முன்வரிசையில் இருந்தவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். முத்தம் வாங்கியவர் அந்த ஊர்ப் பீர் கடையின் லைசென்ஸ்காரர், வேடிக்கை பார்க்க வந்தவர்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஓரமாக நழுவப் பார்த்தவனை வாத்தியார் எட்டிப் பிடித்து, இரண்டு கையையும் பற்றிக்கொண்டு கண் கலங்கச் சொன்னார்: "தம்பி, இருவது வருசமா மேடை ஏறுதேன், இன்னைக்குத்தான் கை நடுங்கல. ஆண்டவர் ஒங்க பாக்டரிய ஆசீர்வதிப்பாரு. அடுத்த கூட்டத்துக்கு நாலு பெட்டியா அனுப்பிருங்க."

ஆயுத பூஜை

நடந்ததைக் கேட்டு அண்ணாச்சி இடிந்துபோனார். மிச்சமிருந்த கருப்பட்டி பீர் முழுவதையும் சாக்கடையில் ஊற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி, "மயக்கம் வந்துட்டுல்லா. முருகன் மொகத்துல எப்படி முழிப்பேன்? ஒன் ஒரு வருசமும் செல்லாது. மொதல்லேருந்து ஆரம்பி" என்றார். சாகுபுரத்தில் மறுபடி ஆள் எடுக்க இருந்தார்கள். ஐப்பசி முதல் வாரத்துக்குள் சான்றிதழோடு போகாவிட்டால் அதுவும் போய்விடும். நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன், ஒரு நாள் பட்டினியும் கிடந்தேன். அண்ணாச்சி அசையவில்லை.

புரட்டாசி கடைசியில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் இனிப்புச் சோடா வழக்கமாகப் போகிற உப்பளத்தில், வேலையாட்களுக்குப் பொரி கடலையோடு கொடுக்க இருபது பெட்டி எலுமிச்சை பீர் கேட்டிருந்தார்கள். எங்கள் பாக்டரியில் தண்ணீருக்கு இரண்டு ட்ரம் உண்டு. நீல ட்ரம்மில் ஆற்றுத் தண்ணீர், சரக்குக்கு. சிவப்பு ட்ரம்மில் உப்புக் கிணற்றுத் தண்ணீர், பாட்டில் கழுவ. பூஜைக்காக அண்ணாச்சி இரண்டையும் இடம் மாற்றி நகர்த்தி, சுண்ணாம்பு அடித்து, பட்டையாகத் திருநீறும் சந்தனமும் பூசிவிட்டார். எது எதுவென்று முருகனுக்கே தெரியாது. "கெமிஸ்ட்டு நாக்குல வச்சுப் பாத்துச் சொல்லட்டும்" என்றார். எனக்கோ நான்கு நாளாகத் தடுமன். மூக்கு அடைத்து, உப்பு புளி எதுவும் தெரியவில்லை. சொன்னால் அதையும் ஒரு குற்றமாகச் சேர்ப்பாரே என்று பயந்து, ஒரு மடக்குக் குடித்துவிட்டு, ஒரு ட்ரம்மைக் கைகாட்டினேன்.

வண்டி உப்பளத்துக்குப் போன பிறகு அண்ணாச்சி ஒரு பாட்டிலை உடைத்து வாயில் ஊற்றினார். உப்புக் கரிக்க, அடுத்த நொடி சுவரில் துப்பினார். என்னைத் திட்டிக்கொண்டே சைக்கிளின் பின்னால் ஏறினார். அந்த வெயிலில் அவரையும் அவர் வசவையும் சுமந்து மிதித்தேன். எல்லாம் முடிந்தது, ஊருக்குப் போய் வயலில் இறங்க வேண்டியதுதான் என்று தோன்றியபோது எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. உப்பளத்தில் ஒரு பாட்டில்கூட மிச்சமில்லை. கங்காணி ஓடிவந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நான் சைக்கிளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவரை முந்திக்கொண்டு, உப்பு வாரிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் என்கிற அம்மா காலிப் பாட்டிலோடு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இத்தன நாளாப் பாகாட்டம் இனிக்க இனிக்க அனுப்புனீய, குடிச்சா இன்னும் நாக்கு வறளும். இன்னைக்குத்தான் வேர்வை சிந்துதவ குடிக்கிற மாதிரி ஒண்ணு வந்திருக்கு. இன்னும் இருந்தா எறக்குங்க."

முத்திரை குத்திய உண்மை

மறுநாளிலிருந்து அக்கம்பக்கத்து உப்பளமெல்லாம் அதையே கேட்டது. அண்ணாச்சி தினமும் காலையில் என்னிடம், "தடுமன் எப்படிலே இருக்கு, போயிரலையே?" என்று அக்கறையாக விசாரித்தார். பீர் ஓடியதால் கொடுத்த வாக்கின்படி சான்றிதழும் எழுதினார். வாங்கிப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "இவர் என்னிடம் ஒரு வருஷம் கெமிஸ்டாக இருந்து ருசி பார்த்தார். இவர் ருசி பார்த்த சரக்கு எதுவும் ஓடவில்லை. இவருக்கு ருசி தெரியாமல் போன அன்று செய்த சரக்கு நன்றாக ஓடுகிறது. தங்கமான பிள்ளை." நடுவில் உள்ள இரண்டு வரியையும் எடுத்துவிடுங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். சஷ்டி விரதம் வரப்போகிறது, பொய் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்.

வேறு காகிதம் இல்லாததால் அதையே எடுத்துக்கொண்டு சாகுபுரம் போனேன். தடித்த கண்ணாடி போட்ட அதிகாரி ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். நான் எழுந்துவிடலாமா என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். என்ன நடந்தது என்று கேட்டார். இஞ்சியிலிருந்து உப்பு வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் காகிதத்தை மடித்து ஃபைலுக்குள் வைத்தார்.

"வார ஒண்ணாந் தேதி வந்து சேர்ந்துக்கோங்க தம்பி. ஆனா ஒண்ணு, இந்த பாக்டரிக்குள்ள இருக்கிற எதையும் வாயில மட்டும் வைக்கப்படாது."

ஒரு வருஷமாக மயக்கம் வராத பீரையே குடித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபோதுதான் சந்தோஷத்தில் மயக்கம் வந்தது.