கம்பியில் கோத்த கோழிக்கு நான் இருந்த காவல்

வடக்குப்பட்டில் நான் தங்கியிருந்த மகளிர் விடுதியில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செக்போஸ்ட் என்பார்கள். மெஸ் சாம்பாரை முதலில் மோந்து பார்ப்பவள் நான். பால் பாக்கெட்டில் தேதி தேடுபவள் நான். ஒரகடத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நாலு வருஷமாக லென்ஸ் வைத்து சர்க்யூட் போர்டில் பழுது பார்க்கிற வேலை. பளிச்சென்று இருக்கிற போர்டைத்தான் ரெண்டு தரம் திருப்பிப் பார்ப்பேன். மனுஷர்களையும் அப்படித்தான் பார்த்தேன். அதை ஒரு குறை என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

என் அறையில் இருந்தவள் சாத்தான்குளம் பக்கத்துப் பெண். கல்யாணம் நிச்சயமாகி வேலையை விடப் போகிறாள். கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. எங்கள் லைனில் நாற்பத்திரண்டு பெண்கள், எல்லாரும் இதே விடுதி. அவளுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஒரே பேச்சு. பிரியாணி என்று ஒருத்தி வாயைத் திறந்தாள். மாசத்துக்கு ரெண்டு தரம் தின்கிறோமே, அதையா என்று மற்றவர்கள் அமுக்கிவிட்டார்கள். கல்யாணப் பெண்ணே தீர்ப்புச் சொன்னாள்.

"ஷவர்மா போடுங்கட்டி. பார்சல் வேண்டாம். கம்பி சுத்தணும், நம்ம கண்ணு முன்னாடி சீவித் தரணும். இனிமே எங்க ஊர்ல எனக்கு யாரு வாங்கித் தருவா?"

பொறுப்பு யாருக்கு? எல்லா விரலும் என்னைக் காட்டின. செக்போஸ்ட் பார்த்தால் பயமில்லை என்றார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

வார்டன் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. காஞ்சிபுரம் பக்கத்து மனுஷி, சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம் இருக்கிறவர். அதைவிட அவருக்கு வேறொரு பயம். முன்பு வேறொரு விடுதியில் இருந்தபோது வெளிச் சாப்பாடு தின்று பத்துப் பெண்கள் வாந்தியெடுத்து, பெற்றவர்கள் வந்து அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்களாம்.

"பின்னாடி ஷெட்டுல வெச்சுக்கோ. ஆனா எனக்கு எழுதிக் குடுத்துடு. ஒருத்திக்கு வயித்த வலின்னாலும் நீதான் பொறுப்பு, அன்னிக்கே ரூமக் காலி பண்றேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது விளையாட்டாகத்தான் இருந்தது. அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த அறை போனால் கம்பெனி பஸ் இல்லை. பஸ் இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாமல் ஊருக்குப் போனால், என் அப்பா அடுத்த பஸ்ஸுக்கு என்னை விடமாட்டார். எப்போது திரும்பி வருவாள் என்று நாலு வருஷமாக வாசலைப் பார்த்துக்கொண்டு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிற ஆள் அவர்.

அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கடை தேடினேன். பென்னலூரில் ஒரு கடை. கம்பியில் காலையில் பார்த்த அதே கோழி சாயங்காலமும் அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். இன்னொரு கடையில் மயோனைஸ் எதில் செய்வது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் கம்பெனி சீக்ரெட்" என்றான். உன் சீக்ரெட்டை நீயே தின்னு என்று வந்துவிட்டேன். கடைசியில் தண்டலத்தில் காலேஜ் பையன்கள் மொய்க்கிற ஒரு வண்டிக்கடை. நடத்துகிறவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், உள்ளூர்க்காரர். முன்பு ஒரு கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் காண்ட்ராக்டில் இருந்தாராம். காண்ட்ராக்ட் முடிந்ததும் இந்தத் தொழில்.

நான் கேட்ட எதற்கும் அவர் கோபப்படவில்லை. எனக்கு அதுவே உறுத்தியது. கோழி எங்கே வாங்குகிறீர்கள், எப்போது ஊறவைக்கிறீர்கள், முட்டை போட்ட மயோனைஸா, கத்தியை எதில் கழுவுகிறீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் குபூஸ் ரொட்டியைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"முட்டை கெடையாது மேடம், பால்ல அடிச்சது. நாப்பத்திரண்டு பேருன்னா நாப்பத்தஞ்சுக்குப் போடுவேன். பஸ் எத்தினி மணிக்கு வரும், அத்த மட்டும் கரெக்டா சொல்லு. கோழி காத்துகினு இருக்கக் கூடாது. ஆளுங்கதான் கோழிக்குக் காத்துகினு இருக்கணும்."

"ஏ ஷிப்டு மூணரைக்கு விடும். நாலரைக்கு பஸ் வந்துரும்ணே."

"அப்ப நாலு மணிக்குக் கம்பியோட வந்துடறேன்."

அதெப்படி? நாலு மணிக்குக் கோத்த கம்பியோடு வந்தால், அதில் இருப்பது இன்றைய கோழியா நேற்று விற்காத கோழியா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? எனக்கே காது குத்தப் பார்க்கிறாரே என்று நினைத்தேன். கோழியை எங்கள் காசில் நானே வாங்கித் தருவேன், வெட்டும்போது நிற்பேன், மசாலா போடும்போது நிற்பேன், கம்பியில் கோப்பதும் எங்கள் ஷெட்டில்தான் என்று சொன்னேன். அவர் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மசாலா ஊறினதுக்கப்பறம் பிரிட்ஜுல இருக்கணும்மா. உங்க ஷெட்டுல இன்னா கீது?"

"ஐஸ் பெட்டியில கொண்டு வாங்க."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஏன் யோசித்தார் என்று ராத்திரியெல்லாம் நான் யோசித்தேன்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டேன். காலை எட்டு மணிக்குக் கோழிக்கடையில் அவரோடு நின்றேன். ஒவ்வொரு கோழியையும் உயிரோடு பார்த்தேன். கடைக்காரர், "பொண்ணு பாக்கவாம்மா வந்துகீற?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. ஷவர்மாக்காரரின் குட்டியானை வண்டி முன்னால் போக, நான் இரவல் வாங்கிய ஸ்கூட்டியில் பின்னாலேயே போய், மசாலா பிசைகிறவரை அவருடைய வீட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி டீ கொடுத்தார். அதையும் மோந்து பார்த்தேன். அந்தம்மா பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ரெண்டு மணிக்கு ஷெட்டில் கம்பி நின்றது. துண்டு துண்டாகக் கோத்து, அமுக்கி, ஓரத்தைச் சீவி, பார்க்கவே அழகாக இருந்தது. ஐஸ் பெட்டியில் பாதி தண்ணீராகியிருந்தது. கோத்தாகிவிட்டதே என்று மிச்ச ஐஸையும் சேர்த்துச் சாய்த்துக் கொட்டினார். மூணு மணிக்கு அடுப்புப் பற்றவைக்கலாம் என்று கேஸ் குழாயை மாட்டும்போதுதான் என் போனில் கல்யாணப் பெண்ணின் குரல் வந்தது.

"அக்கா, ஓட்டி போட்டுட்டாவ. சூப்பர்வைசர் இப்பதான் சொல்லுதாரு. ஆறு மணி வரைக்கும். பஸ் வர ஏழாவும். கடைசி நாள்னு அழுது பார்த்தேன், விடமாட்டேங்காரு."

நாலு வருஷம் அதே லைனில் நின்றவள் நான். சனிக்கிழமை என்றால் ஓட்டி, அதாவது ஓவர்டைம், விழும் என்று எனக்குத் தெரியாதா? கோழியின் பிறப்பு வளர்ப்பு எல்லாம் விசாரித்தேன், ஓட்டி உண்டா என்று சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் ஷவர்மாக்காரர் குழாயைக் கழற்றினார். "பத்த வெக்கல, நல்லதாப் போச்சு. கம்பியோட தூக்கினு போயி எங்கூட்டு பிரிட்ஜுல வெச்சுட்டு, ஆறு மணிக்குக் கொண்டாறேன்."

எனக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமை சாயங்காலம், தண்டலத்தில் காலேஜ் கூட்டம் அலைமோதும் நேரம். கண் முன்னால் வெட்டிய எங்கள் கோழி அங்கே சுற்றப் போகிறது. ஆறு மணிக்கு வேறு எதையோ கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டப் போகிறார். இதற்காகத்தானே காலையிலிருந்து கோபமே படாமல் இருந்தார்?

"கோழி இங்கேர்ந்து நகரக் கூடாதுண்ணே."

"நம்பலன்னா நீயும் வண்டில ஏறு. பிரிட்ஜு முன்னாடியே குந்து."

ஏறச் சொல்கிறாரே, அதிலும் ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. வார்டன் அம்மாவின் பிரிட்ஜைக் கேட்டுப் பார்த்தேன். சனிக்கிழமையும் அதுவுமாக, பெருமாளுக்கு வைத்த பாலிருக்கிற பிரிட்ஜில் கோழியா என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய பிரிட்ஜும் பெரிதில்லை.

"தோ பாரும்மா, இந்த வெயில்ல தாங்காது" என்றார் ஷவர்மாக்காரர்.

"மூணு மணி நேரந்தான. ஈரத்துணி போட்டு மூடுங்க."

அவர் ஒரு துணியை நனைத்து எடுத்து வந்தார். மூடிவிட்டு, குட்டியானையின் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஷெட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எனக்கே முதுகில் வேர்வை ஓடியது. அவர் ஒரு தடவை எழுந்து துணியை நனைக்க வந்தபோதுகூட, பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஆறே கால் இருக்கும். அவர் துணியை எடுத்தார். குனிந்தார். விரலால் ஒரு துண்டைத் தொட்டு, ரெண்டு விரலையும் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"வேணாம்மா. வழவழங்குது. இது ரிஜெக்ட்."

நானும் தொட்டுப் பார்த்தேன். மோந்தும் பார்த்தேன். மசாலா வாசனைக்கு அடியில் வேறொன்று இருந்தது. தெளிவாகவே இருந்தது. நாற்பது போர்டில் ஒன்று கோணலாக இருந்தால் எடுத்து வீசுகிற எனக்கு அது தெரியாமல் இல்லை.

ஆனால் மனசு வேறு விதமாக ஓடியது. நாற்பத்தொரு பேர் பத்து மணி நேரம் நின்றுவிட்டுப் பசியோடு வருகிறார்கள். காலையில் வாங்கிய ஆறு கோழிகளின் படத்தை வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தேன், என் கையெழுத்தில் 'செக்போஸ்ட் ஓகே' என்று எழுதி. இந்தக் கோழி கெட்டது யாரால் என்று கேட்டால் என்ன சொல்வேன்? அவளுக்குக் கடைசி நாள். என்ன சொல்லி அவள் முகத்தைப் பார்ப்பேன்?

"நெருப்புல நல்லா வெந்தா எல்லாம் சரியாப் போவும். போடுங்கண்ணே" என்றேன்.

அவர் விரலை ஈரத்துணியில் துடைத்துக்கொண்டார்.

"சின்னப் பிள்ளைகளா அவளுங்க? எல்லாம் செரிக்கிற வயசுதான். கொஞ்சம் மயோனைஸ் கூடப் போடுங்க, தெரியாது. போடுங்கண்ணே."

வார்டன் அம்மாவிடம் நான் எழுதிக் கொடுத்தது அப்போதும் நினைவிருந்தது. ஆனாலும் ராத்திரியில் யாருக்காவது வயிற்றைப் பிடித்தால் பழி ஷவர்மாக்காரர்மேல்தானே விழும், வண்டிக்கடைக்காரர்தானே என்று நினைத்தேன். அதை நினைத்தபிறகுதான் மூன்றாம் தடவையும் போடுங்கள் என்றேன்.

அவர் மெதுவாகத்தான் கேட்டார். "வெந்ததும் மொத ரோலு நீ துன்றியாம்மா?"

நான் தெருப்பக்கம் திரும்பி, பஸ் வருகிறதா என்று பார்த்தேன். அவர் கம்பியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் காலிமனைக்குப் போனார். விடுதி மண்வெட்டியை எடுத்து, நாய் தோண்டாத ஆழத்துக்குக் குழி வெட்டிக் கோழி முழுவதையும் உள்ளே தள்ளினார்.

ஏழு மணிக்குத் தெருவில் பஸ் திரும்பியது. பெண்கள் யூனிபார்மோடு ஓடி வந்தார்கள். வெறும் கம்பியையும் மண் ஒட்டிய அவர் கையையும் பார்த்துவிட்டு நின்றார்கள். எங்கே கோழி என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். நான் சொல்வதற்கு முன்னால் அவர் சொன்னார்.

"கோழி சரியில்லமா. உங்கக்கா தொட்டுப் பாத்துட்டு வேணாம்னு சொல்ட்டாங்க. நானு கூட யோசிச்சேன், அவுங்க விடல. இந்த மாரி ஆளு கூட இருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னைக் காப்பாற்றவா? நாளைக்கு இதே பெண்கள் அவர் கடைக்கு வரவேண்டும் என்றா? இல்லை, அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு நான் திரியட்டும் என்றா? மனுஷனின் நல்லதனத்தைக்கூடத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேனே, என்ன ஜென்மமோ நான். குபூஸையும் கோஸையும் எங்களிடம் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். கும்பிடு போடவும் எனக்குக் கை எழவில்லை.

வார்டன் அம்மா மனமிரங்கி உருளைக்கிழங்குப் பொரியல் செய்து கொடுத்தார். ஷெட்டில் பாய் விரித்து, குபூஸில் பொரியலைச் சுருட்டித் தின்றோம். முதலில் முணுமுணுத்தவர்கள் பசி அடங்கியதும் சிரிக்கத் தொடங்கினார்கள். உருளைக்கிழங்கு ஷவர்மா என்று ஒருத்தி படம் எடுத்தாள். செக்போஸ்டுக்கு ஒரு கைதட்டல் என்று இன்னொருத்தி சொல்ல, எல்லாரும் தட்டினார்கள்.

கல்யாணப் பெண் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீ மட்டும் இல்லேன்னா நாங்க அதைத் தின்னுருப்போம்லாக்கா?"

"ஆமா" என்றேன்.