பெரட்டு நேரமும் பிரமிளாவின் வெயிலும்

மெயின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டுச் சமையலறை நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள் பிரமிளா. ஐஸ்பெட்டி ஒருமுறை உறுமி அடங்குகிறது. கூடத்துக் காற்றாடி கடைசிச் சுற்றுகளைச் சுற்றி ஓய்கிறது. டிவி பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "அலோ, என்னாச்சு?" என்று அங்கிருந்தே குரல் கொடுக்கிறார். "ஒன்னும் இல்லண்ணே, வீடு ஒரு நிமிசம் சும்மா இருக்கட்டும்லா" என்கிறாள், கண்ணைத் திறக்காமலே. அந்த நிமிடம் முடிந்ததும் மற்ற எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு மெயினை மேலே தள்ளுகிறாள். இனி ஒவ்வொன்றாகப் போட வேண்டியது வீட்டுக்காரர்களின் வேலை. ஒவ்வொரு சுவிட்சுக்கும் அவளிடம் இரண்டே கேள்விகள்தான். "இது யாருக்கு? எத்தன மணிக்கு?"

கூரைமேல் சோலார் வைக்க வந்தவள் கூரையை ஏறிட்டும் பார்க்காமல் அடுப்படியில் நின்று விசாரணை நடத்தினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஈப்போவில் வீடுகளுக்குச் சோலார் போட்டுக்கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில், எந்த வீட்டுக்கு எத்தனை பேனல், கூரையில் எந்தப் பக்கம் என்று திட்டம் போடுவது அவள் வேலை. நாற்பதைத் தாண்டியவள். அதற்கு முன் கமுந்திங் தொழிற்பேட்டையில் மின்பராமரிப்பு பார்த்தவள். முழுக்கைச் சட்டை, மீன் பிடிக்கப் போகிறவர்கள் போடும் அகன்ற தொப்பி, ஜன்னல் பாதிதான் இறங்கும் ஒரு பழைய கார்; இந்தப் பக்கத்தில் அதற்குக் காடி என்று பெயர். காடியின் பின் சீட்டில் ஏணி குறுக்கே படுத்திருக்கும்; அதனால் அவளோடு மூன்றாவது ஆள் போக முடியாது.

வீட்டைச் சுற்றி வரும்போது அவள் முதலில் தேடுவது துணி காயப்போடும் கொடியை. "வெயிலு எங்க விழும்னு வீட்டுப் பொம்பளைக்குத் தெரியாததா?" என்பாள். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள். குன்றின் நிழலில் இருக்கும் வீட்டுக்குச் சாயங்காலம் கொஞ்சம் முந்தியே வந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் ஈப்போ வானத்தை அவள் எப்போதுமே நம்புவதில்லை. "காலையில சிரிக்கும், மூனு மணிக்கு அழுவும். இத நம்பி மேக்கால பேனல் வைக்கலாமா?" வானத்தைப் பற்றி அவள் பேசுவதைக் கேட்டால் பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றிச் சொல்கிறாளோ என்று தோன்றும்.

'எத்தன மணிக்கு' என்ற கேள்வி, ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான லகாட்டில் பிறந்தது. அங்கே அர்ச்சுனன் என்றொருவர், பழைய ரப்பர்த் தோட்டத்து ஆள், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் இரவுக் காவலாளி. தொழிலுக்குப் புதிதாக வந்த ஜோரில், அவருடைய மாத பில்லை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டு, அழகாகப் பேனல்களை ஏற்றிவிட்டு வந்தாள் பிரமிளா. கொஞ்ச நாளில் போன் வந்தது. "என்னா தங்கச்சி, கூரமேல ஏத்தி வச்சது காக்கா உக்காரவா? பில்லு அசையவே மாட்டேங்குதுலா!"

ஓடிப்போய்ப் பார்த்தாள். பேனலில் ஒரு குறையும் இல்லை. குறை கடிகாரத்தில் இருந்தது. அந்த வீட்டில் துவைப்பது, இஸ்திரி போடுவது, அரைப்பது, தண்ணீர் சுட வைப்பது எல்லாம் விடிவதற்குள் முடிந்துவிடும். வெயில் ஏறிக் கூரையில் மின்சாரம் பொழியும் நேரத்தில் கீழே ஓடிக்கொண்டிருந்தவை ஒரு காற்றாடியும் ஒரு குறட்டையும்தான். வீட்டில் செலவாகாத மின்சாரம் வெளிக் கம்பியில் ஏறிப் போய்விடும். அதற்குக் கிடைப்பது சொற்பம்.

தோட்டத்தில் விடியுமுன் மணி அடித்து, ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். மணி அடிப்பதற்குள் சோறு ஆக்கி, துணி அலசி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி முடித்திருக்க வேண்டும். தோட்டம் போய்விட்டது. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும், தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளும் வந்துவிட்டன. மணி அடித்தவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த ஜனங்களின் உடம்பு மட்டும் இன்னும் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்! பிரமிளாவும் செமோர் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவள்தான். அவளுக்கே இது தோன்றாமல் போனது அவளுக்கு இன்றைக்கும் வெட்கம்.

அதற்குப் பிறகு அவள் திட்டம் போட வந்த பாப்பா அக்காவின் வீடு செமோரில், தோட்டம் இருந்த இடத்துக்கு ஓரமாக இருக்கிறது. பால்மரம் வெட்டி ஓய்ந்த கைகளால் இப்போது தோசை மாவு அரைத்து விற்கிறார். புருசன் காலமாகிச் சில வருடம் ஆகிறது. பெரிய கிரைண்டர் இரண்டு, ஐஸ்பெட்டி இரண்டு. பில் ஏறாமல் என்ன செய்யும்? ஜொகூரில் வேலை பார்க்கும் மகன் கோகிலன்தான் சோலார் போடச் சொன்னான். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தான். பிரமிளா அங்கிருந்தபோதே போனில் அவன் குரல் சத்தமாகக் கேட்டது. "தீவாளி வரைக்கும் பாப்போம்மா. அப்பவும் பில்லு எறங்கலன்னா மாவு வேலைய விட்டுட்டு எங்கூட வந்துரணும். என்னா?"

"சரிலா" என்றார் பாப்பா அக்கா. சொல்லிவிட்டுக் கிரைண்டரின் மூடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"இது எத்தன மணிக்குக்கா?" என்று கேட்டாள் பிரமிளா, பதில் தெரிந்தேதான்.

"நாலு மணிக்கு. வேற எப்ப?"

கம்பெனி முதலாளியான தவ்கேயிடம் போய்ச் சொன்னபோது அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பேட்டரி. பகல் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து விடிகாலையில் ஆட்டலாம். தப்பில்லாத யோசனைதான். ஆனால் பேட்டரி, பேனலின் விலையை இன்னொரு தடவை கேட்கும். அந்த விலையைக் கேட்ட நிமிடமே கோகிலன் அம்மாவின் பெட்டியைக் கட்டிவிடுவான். பிரமிளா மறுபடியும் செமோருக்குப் போனாள்.

"காத்துள்ளபோதே தூத்திக்கணும்பாங்க. வெயிலுள்ளபோதே ஆட்டிக்குங்கக்கா. பத்து மணிக்கு மேல போட்டீங்கன்னா கிரைண்டரு சூரியன்லயே ஓடும்லா."

பாப்பா அக்கா தலையை ஆட்டினார், ஒப்புக்கொள்கிற ஆட்டல் அல்ல. "ஆட்டலாம். அப்ப நாலு மணிக்கு நான் என்னா செய்யட்டும்?"

"தூங்குங்க."

"முழிப்பு வந்துரும் தங்கச்சி. பெரட்டு மணி நின்னு எத்தினியோ வருசமாச்சு, இந்த ஒடம்புக்குத் தெரியலயே. எழுந்து சும்மா உக்காந்தா வீடு ரொம்பப் பெருசாத் தெரியும். அவரு நெனப்பு வந்துரும். கிரைண்டரப் போட்டா யாரோ கூட இருக்காப்ல இருக்கும்லா."

 தோட்டம் மூடியபோது, கோகிலன் கூப்பிடுவதுபோலத்தான் பிரமிளாவும் தன் அம்மாவை ஈப்போ அடுக்குமாடிக்குக் கூட்டிவந்தாள். நல்ல மகள் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா விடிகாலையில் எழுந்துவிடுவாள். மகளும் மருமகனும் தூங்குகிறார்களே என்று விளக்கைப் போட மாட்டாள். குழாயைத் திறக்க மாட்டாள். சமையலறை நாற்காலியில் இருட்டோடு உட்கார்ந்திருப்பாள். கடைசி வரைக்கும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். 'யாருக்கு? எத்தன மணிக்கு?' என்று ஊரையெல்லாம் கேட்கிறவள் அந்த வீட்டில் மட்டும் கேட்கவில்லை. 

அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது: இந்த வீட்டுக்குத் தேவைப்படுவது நாலு மணிக்கு மின்சாரம் அல்ல, நாலு மணிக்கு ஒரு வேலை. வாசலிலேயே உட்கார்ந்து பாப்பா அக்காவிடம் மாவைப் பற்றி விசாரித்தாள். எத்தனை நேரத்தில் பொங்கும், எப்போது பொட்டலம் கட்டுவது, யார் எப்போது வாங்குகிறார்கள். இதுவரை நடந்தது இப்படி: விடிகாலையில் ஆட்டி, பகலில் பொங்கவிட்டு, பொட்டலம் கட்டி, சாயங்காலம் விற்பது. அதை அப்படியே திருப்பிப் போட்டாள். வெயிலில் ஆட்ட வேண்டியது. சாயங்காலம் பொங்கியதை ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டியது. நாலு மணிக்கு எழுந்து பொட்டலம் கட்ட வேண்டியது. காலைத் தோசைக்கு ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

"பொட்டலம் கட்டுனா சத்தம் வராதே" என்றார் பாப்பா அக்கா, கொஞ்சம் யோசித்து.

"ரேடியோவப் போடுங்க. அது எவ்ளோ கரண்டு குடிக்கும்? கொசு கடிச்சாப்ல."

"பாக்கலாம்லா."

இந்தப் பக்கத்தில் 'பாக்கலாம்' என்றால் முக்கால்வாசி 'மாட்டேன்' என்று அர்த்தம். பிரமிளா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கிழக்குக் கூரையில் ஆறு பேனல், பேட்டரி வேண்டாம் என்று திட்டம் போட்டாள். வீட்டில் ஓடும் சாமான்களின் வரிசையில் நாலு மணிக்கு நேராக ஒரு விளக்கு, ஒரு காற்றாடி, ஒரு ரேடியோ என்றும் எழுதினாள். ரேடியோவைப் பார்த்துத் தவ்கே விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், ஆனால் அந்த வரியை அடிக்கவில்லை.

பேனல் ஏற்றிய நாளில் நல்ல வெயில். பாப்பா அக்கா கிரைண்டர் சுவிட்சின் பக்கத்தில் நின்று, "நீயே போடு தங்கச்சி" என்றார். "ம்ஹூம், வீட்டுக்காரங்கதான்" என்று கையைக் கட்டிக்கொண்டாள் பிரமிளா. அவர் போட்டார். கல் சுற்றியது. பகல் நேரத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்கே ஏதோபோல் இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அணைத்துவிட்டு, "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார். பிரமிளாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

சோலார் போட்ட வீடுகளை இப்போதெல்லாம் போனிலேயே கண்காணிக்கலாம். எந்த நேரத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று கோடு கோடாகக் காட்டும். தவ்கேக்கு அந்தக் கோடுகள் போதும். பிரமிளாவுக்குப் போதாது. "ஹேன்போன்ல கரண்டுதான் தெரியும்லா, ஆளு தெரியாது" என்பாள். தீபாவளி வாரத்தில் பாப்பா அக்கா வீட்டுக் கோடு பகலில் நன்றாக ஏறியிருந்தது. ஆனால் பண்டிகைக்கு வந்த மகன் நாள் முழுக்க ஏர்கோன் போட்டாலும் அதே கோடுதான் ஏறும். போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அக்கா என்ன சொல்வார் என்பதும் அவளுக்குத் தெரியும்: "நல்லாருக்கு."

பண்டிகை முடிந்த அடுத்த வாரம், வேறு வீடு பார்க்கப் போகிறவள், சுற்றுவழியென்று தெரிந்தே செமோருக்குள் காடியைத் திருப்பினாள். மணி பதினொன்று இருக்கும். கேட்டில் பூட்டுத் தொங்கியது. அது எப்போதும் தொங்குவதுதான்; உள்ளே ஆள் இருந்தாலும் பூட்டுகிற ஊர். வாசலில் கோலம் இல்லை. போர்ச்சில் மகனுடைய ஜொகூர் வண்டியும் இல்லை. போய்விட்டான். தனியாகப் போனானா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனானா? கொடியில் துணி எதுவும் காயவில்லை. 

மணியை அழுத்தவில்லை. காடியின் ஏர்கோனை நிறுத்தினாள். என்ஜினை நிறுத்தினாள். மடியில் இருந்த போன் அந்த நேரம் பார்த்து அலறியது, தவ்கே. அதன் வாயையும் அடைத்தாள். தெரு சும்மா இருந்தது. பாதி இறங்கிய ஜன்னலில் வெயில் வந்து அவள் கையில் விழுந்தது. எதிர்வீட்டு நாய் ஒருமுறை குரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

அப்புறம் சமையலறைப் பக்கத்திலிருந்து, ஈர அரிசியை மெல்ல மெல்ல மென்றுகொண்டு கல் சுற்றும் சத்தம் வந்தது.

பிரமிளா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினாள்.