விதை மூட்டைகளுக்கு நடுவே ஒரு பேஸ் குரல்

சென்ற வாரம் ஒரு காலையில், எங்கள் தெருவில் யாரோ இறந்துவிட்டார்கள், அல்லது யார் வீட்டிலோ பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்று நினைத்து சவரம் செய்துகொண்டிருந்த பாதி முகத்தோடு வெளியே ஓடி வந்தேன்.

இரண்டுமில்லை. எதிர்வீட்டு டேனியல் தன் காருக்கு ஆடியோ மாட்டிக்கொண்டிருந்தான்.

டேனியல் என்னோடு பள்ளியில் படித்தவன். துபாயில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். வரும்போது ஏதாவது ஒரு மெஷினைத் தோளில் சுமந்து வருவான். இப்போதுதான் வெளிநாட்டுச் சரக்குக்கு நாட்டின் கதவைத் திறந்து விட்டார்களே... அதே மெஷின் தஞ்சாவூர் தெற்கு வீதியிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை அவனிடம் சொல்ல யாருக்கும் மனசு வராது.

இந்த முறை வந்தது ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர், அடிக்குரலுக்கென்றே டிக்கியில் வைப்பதற்கு ஒரு சப்-ஊஃபர் பெட்டி. மாட்டியவர் எங்கள் ஏரியா மைக் செட் செல்வம். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான்.

ஒரு செட்டு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க செல்வம் ஒரு முறை வைத்திருக்கிறார். பாட்டைப் போட்டுவிட்டு நடந்து போய்த் தெருமுனையில் நின்று கேட்பார். அங்கே வார்த்தை தெளிவாக விழுந்தால் செட்டு பாஸ். புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு அது சரி. காருக்கு? கேட்கிறவன் காருக்குள் அல்லவா உட்கார்ந்திருப்பான்? இந்தச் சந்தேகம் அவருக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். பாதி சோப்பு முகத்தோடு நானும் அவர் பக்கத்தில் போய் நின்று, நிபுணன் மாதிரி தலையாட்டினேன்.

"பாருங்க சார், பிள்ளையார் கோயில் வரைக்கும் போவுது."

"போவுது செல்வம். ஆனா வண்டிக்குள்ள என்ன கேக்குது?" என்றான் டேனியல்.

"வண்டிக்குள்ளயா? வண்டிக்குள்ள யாரு இருக்கா இப்ப?"

சைக்கிளை நிறுத்திய பால்காரர் வேறு, "யார் வீட்டு விசேஷம்ங்க?" என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார்.

டேனியல் சிரிக்கவில்லை. காருக்குள் போய் உட்கார்ந்து கேசட்டை ரீவைண்ட் செய்து, மறுபடி போட்டு, மறுபடி ரீவைண்ட் செய்து... முகம் சுண்டிப்போய் இருந்தது. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து விசாரித்தேன். அப்புறம்தான் கதை வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் டேனியல் லுத்தரன் சர்ச் கொயரில் பாடிக்கொண்டிருந்தான். பேஸ் - அதாவது கொயரில் ஆண்கள் பாடும் அடிக்குரல். ஒரு கிறிஸ்துமஸுக்கு கொயர் முழுவதையும் கேசட்டில் பதிவு செய்தார்கள். ஒரே ஒரு மைக். அதுவும் பெண்கள் வரிசைக்கு முன்னால். இவன் நின்றது கடைசி வரிசையில், தூண் ஓரமாக.

அவன் மகள் பிரிசில்லா இப்போது அதே கொயரில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறாள். லீவில் வந்த முதல் வாரம் அந்தக் கேசட்டை வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டு, "அப்பா பாடினது" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுல நீங்க இல்லையேப்பா" என்றாள்.

மனைவி மெர்சி அடுப்படியிலிருந்தே சேர்ந்துகொண்டாள். "வாய மட்டும் அசைச்சிருப்பாரு. போட்டோல கூட அப்படித்தான நிப்பாரு."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் மகளின் பிறந்தநாள், பரீட்சை, ஜுரம் எதிலுமே இல்லாமல் போன ஒரு மனுஷனிடம் 'இதிலும் நீங்கள் இல்லை' என்றால் அது எங்கே போய்த் தைக்கும்?

"நான் இருக்கேன்டா அதுல" என்றான் டேனியல். "துபாய்ல எங்க மேனேஜர் கார்ல ஒரு தடவ போட்டேன். கேட்டுச்சு. என் குரல நானே கேட்டேன். அதே மாடல் செட்டத் தேடி வாங்கிட்டு வந்துட்டேன். ஞாயித்துக்கெழம ஃப்ளைட்டு. அதுக்குள்ள அவ ஒரு தடவ கேக்கணும்."

மேனேஜரின் கார் எங்கே, டேனியலின் இந்த மூன்றாம் கை வண்டி எங்கே? பேஸ் வரவேண்டிய இடத்திலெல்லாம் டிக்கிக்குள் யாரோ அண்டாவை உருட்டுகிற மாதிரி ஒரு தடதடப்புத்தான் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரும் சேர்ந்து கொசு மாதிரி ரீங்காரம் போட்டது.

செல்வம் ரீங்காரத்தைத் தீர்த்துவிட்டார். எர்த் ஒயரை பெயின்ட் மேலேயே முறுக்கியிருந்தாராம். சுரண்டிவிட்டு இரும்பில் இறுக்கினதும் கொசு போய்விட்டது. அண்டா போகவில்லை. "வாட்ஸ் பத்தல சார், இன்னொரு ஆம்ப்ளிஃபயர் போட்டா அமுங்கிடும்" என்றார். நான் என் பங்குக்கு நடைபாதையில் வாங்கிய பழைய ஆங்கில ஆடியோ பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன். யாருக்கும் புரியவில்லை. முக்கியமாக, எனக்கு.

வெள்ளிக்கிழமை ஆயிற்று. மெர்சியும் பிரிசில்லாவும் காலை பஸ்ஸிலேயே திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில் மெர்சியின் பிறந்தகத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். அங்கே அவள் தம்பி ஜெயசீலன் விவசாயம் பார்க்கிறான். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்கால் விட வேண்டும். டேனியலுக்கு ஒரே ஒரு உத்தரவு: விவசாய டெப்போவில் விதை நெல்லை எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் வந்து சேர வேண்டும்.

"டிக்கில ஊஃபர் இருக்கே" என்று முனகினான்.

"அதுக்காக விதைய மடியில வெச்சுக்கிட்டா போறது?" என்று நான்தான் மூட்டைகளைத் திணிக்கச் சொன்னேன். ஊஃபர் பெட்டிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பின்சீட்டு முதுகை ஒட்டி, மேலே... இண்டு இடுக்கு விடவில்லை. வண்டி பின்பக்கம் நன்றாக உட்கார்ந்துவிட்டது.

கண்டியூர் தாண்டி மேற்கே திரும்பினோம். இரண்டு பக்கமும் சேறடித்த வயல்கள். டேனியல் பழக்க தோஷத்தில் கேசட்டைத் தள்ளினான். எனக்குத் தலைவலி. "கொஞ்சம் கொறைடா" என்றேன். இந்த நூற்றாண்டின் ஒலி விஞ்ஞானத்துக்கு என்னுடைய ஒரே கொடை அந்தத் தலைவலிதான். அவன் வால்யூமைப் பாதியாகக் குறைத்தான்.

அப்போது வந்தது.

எப்படிச் சொல்வது? சத்தமாக வரவில்லை. அதுவரை பெண்களின் மேல்குரலான சோப்ரானோவும் ஆல்டோவும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. திடீரென்று அவற்றுக்குக் கீழே ஒரு தரை வந்தது. அந்தத் தரை மேல் எல்லாக் குரல்களும் இறங்கி நின்றன. கொயர் நின்ற ஹால் எவ்வளவு உயரம், எவ்வளவு ஆழம் என்று கூடத் தெரிகிற மாதிரி இருந்தது. என் முதுகெலும்பில், சீட்டு வழியாக, ஒரு இளைஞன் பாடினான். அவன்தான் இப்போது எனக்குப் பக்கத்தில் வழுக்கைத் தலையோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்.

எனக்கு சங்கீதம் என்றால் மிக்ஸி ஓடாத நேரம். அப்படிப்பட்ட எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

டேனியல் வண்டியை ஓரம் கட்டினான். "கேட்டியா?" என்றான், சர்ச்சுக்குள் பேசுகிற குரலில்.

"கேட்டேன்டா."

அதற்கப்புறம் அவன் வண்டி ஓட்டிய வேகத்தை மெர்சி படிக்கக்கூடும் என்பதால் எழுதவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "பிரிசி! பிரிசி!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினான். அவள் கொல்லையில் இருந்தாள். தேடி, கையைப் பிடித்து இழுத்து, முன்சீட்டில் உட்கார வைத்தான். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். மெர்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

கேசட் சுழன்றது. சோப்ரானோ வந்தது. ஆல்டோ வந்தது. பேஸ் வரவேண்டிய இடத்தில்...

அண்டா உருண்டது.

டேனியல் வால்யூமைக் கூட்டினான், குறைத்தான், மறுபடி கூட்டினான். அண்டாதான். கேசட்டை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி தள்ளினான். பிரிசில்லா அதைப் பார்த்துவிட்டாள்.

"பரவால்லப்பா" என்றாள். "நீங்க பாடியிருப்பீங்க. நான் நம்பறேன்."

அந்த 'நம்பறேன்' இருக்கிறதே... பெரியவர்கள் குழந்தைகளிடம் சொல்கிற தொனி. அப்பனிடம் மகள் சொல்லக் கேட்பது கொடுமை.

"இல்லம்மா, வழியில கேட்டுச்சு! சாமி சத்தியமா! அங்கிள கேளு!"

"ஆமாம்மா, கேட்டுச்சு" என்றேன். என் சாட்சிக்கு என்ன மதிப்பு என்பதை மெர்சியின் பார்வை சொன்னது.

வழியில் இருந்தது, இங்கே இல்லை. என்ன மாறியது? அதே கேசட், அதே செட்டு, அதே தலைவலி. டேனியல் கீழே இறங்கி வண்டியைச் சுற்றி வந்தான். பின்பக்கம் போனதும் அப்படியே நின்றான். உட்கார்ந்திருந்த வண்டி எழுந்து நின்றிருந்தது. இவன் மகளைத் தேடிக்கொண்டும் நான் உள்ளே தண்ணீர் கேட்டுக்கொண்டும் இருந்த நேரத்தில் ஜெயசீலன் மூட்டைகளை இறக்கிவிட்டிருந்தான்.

டேனியல் டிக்கிக்குள் தலையை விட்டுப் பின்சீட்டுத் தகரத்தை முஷ்டியால் ஒரு தட்டு தட்டினான். டங்ங்ங்... அண்டா!

ஊஃபர் பாடும்போதெல்லாம் அந்தத் தகரமும் கூடவே பாடியிருக்கிறது. நெல் மூட்டை அழுத்தினதும் வாயை மூடிக்கொண்டது. இன்னொரு ஆம்ப்ளிஃபயரை மாட்டியிருந்தால் அந்தத் தகரம் இன்னும் பலமாகப் பாடியிருக்கும்!

"ஜெயசீலா! மூட்டையெல்லாம் திரும்ப ஏத்து!"

களத்தின் ஓரத்தில் கடைசி மூட்டையின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த ஜெயசீலன் நிமிர்ந்தான். "என்ன அத்தான், விதை சரியில்லையா?"

"விதை நல்லாருக்கு. பாட்டுதான் சரியில்ல."

"அக்கா, அத்தானுக்கு வெயில் ஏறிடுச்சு. மோர் குடு."

"சாயங்காலத்துக்குள்ள விதைய ஊறப் போடணும்ங்க" என்றாள் மெர்சி. டேனியல் ஒரு மூட்டையைத் தானே தூக்கப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டான். மெர்சி அவனைப் பார்த்தாள். காருக்குள் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள்.

"ஏத்துடா தம்பி" என்றாள்.

ஜெயசீலன் ஏற்றினான். என்ன முணுமுணுத்தான் என்பதைப் பத்திரிகையில் போட மாட்டார்கள். கட்டு அவிழ்ந்த மூட்டையை மட்டும் விட்டுவிட்டு, மற்றவையெல்லாம் உள்ளே போயின. நாங்கள் நால்வரும் காருக்குள். கதவுகளைச் சாத்தினோம்.

சோப்ரானோ. ஆல்டோ. அதன் கீழே, மெதுவாக, தரை.

பிரிசில்லா அசையவில்லை. மூன்றாவது சரணம் வந்தது. எல்லாரும் மூச்சு வாங்கி ஒரு கணம் நிறுத்துகிற இடம். அந்த நிசப்தத்தில், யாருக்கும் காத்திருக்காமல், ஒரே ஒரு பேஸ் குரல் தன்னந்தனியாக முந்திக்கொண்டு குதித்தது. திடுக்கிட்டு நிறுத்தியது. மற்றவர்கள் வந்ததும் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டது.

டேனியல் கண்ணை மூடிக்கொண்டான். துபாய் காரில் இவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்காது போலிருக்கிறது.

மெர்சி வெடித்துச் சிரித்தாள். "இவருதான்! இவரேதான்! சர்ச்ல ஐயர் ஜெபம் முடிக்கறதுக்குள்ள ஆமென் சொல்ற ஆளு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?" சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சரியாகப் பாடியிருந்தால் அது ஏதோ ஒரு பேஸாக இருந்திருக்கும். தப்பாகப் பாடியதால்தான் அது டேனியல். ஒரு மனுஷனை அவனுடைய பிழையை வைத்து அவன் வீட்டார் கண்டுபிடித்த அந்தக் கணத்தில் நான் அங்கே இருந்தேன். இத்தனை வருஷம் பத்தி எழுதியதில் அவ்வளவு அழகான ஒன்றை நான் எழுதியதில்லை.

பிரிசில்லா கையை நீட்டி ரீவைண்ட் பட்டனை அழுத்தினாள். மறுபடி அதே இடம். மறுபடி அழுத்தினாள். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ... டேப்பில் அப்பா முந்திக்கொண்டு குதித்த அதே இடத்தில் இவளும் அவரோடு சேர்ந்து குதித்தாள். வேண்டுமென்றே. தப்பாக. ரொம்ப சுத்தமாக.

டேனியல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஜெயசீலன். சரி, விதையைக் கேட்டு வந்துவிட்டான் என்று நினைத்தேன். கண்ணாடியை இறக்கினேன். அவன் தோளில் அந்தக் கடைசி மூட்டை, அவிழ்த்த வாயை மறுபடி கயிற்றால் இறுக்கிக் கட்டி.

"சார்... இதயும் ஏத்துனா இன்னும் நல்லா கேக்குமா?"

ஏற்றினோம்.