பாண்டாவுக்கு நான் கட்டிய கட்டு

சிட்னி, செவன் ஹில்ஸ். மகளின் பக்கத்து வீட்டுக்காரர் அன்ரன், மன்னார்க்காரர். மிருகக்காட்சிசாலையில் இருக்கும் சிவப்புப் பாண்டாவுக்காகத் தன் தோட்டத்து மூங்கிலை வெட்டிப் போட்டுவிட்டுத் தேநீர் எடுக்க உள்ளே போகிறார். சும்மா நிற்கக் கூச்சமாக இருக்கிறது. ஊரில் எனக்குப் பந்தல் வேலை. இலைகளைக் கழித்து, கழிகளை அழகாகக் கட்டி வைக்கிறேன்.

திரும்பி வந்த அன்ரன் தலையில் கை வைக்கிறார். "ஐயோ அண்ணை! அது இலையைத்தான் தின்னும். கழியை வைச்சு என்ன, கலியாணப் பந்தலோ போடும்?"

என் முகம் சுண்டிப்போகிறது. கழித்த இலை வாடிவிடுமாம். அதற்குள் வாசலில் மிருகக்காட்சிசாலை வண்டி வந்து நிற்கிறது.

"காட்டிலயெண்டா குளிருக்கு இலை, கோடைக்குப் பழம். இப்ப குளிர் முடியிற நேரம், குருத்துத் தேடித் தின்னும்" என்று புலம்புகிறார் அன்ரன்.

குருத்தா? மூங்கில் புதருக்கடியில் குனிகிறேன். மண்ணைப் பிளந்துகொண்டு பத்துப் பதினைந்து நிற்கின்றன. வெட்டிக் கூடையில் நிரப்புகிறேன்.

வண்டியில் வந்த பெண் ஒன்றை முகர்ந்து பார்த்து, சிரித்து, ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறாள்.

"அடுத்த கிழமையும் இந்த மனுசன் வருவாரோ எண்டு கேக்கிறா, அண்ணை."

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் தலை ஆடிவிடுகிறது.