பலகை தட்டும் ஓசை

வடக்கே நாங்கள் குடியேறிய ஊரில், கேம்ப் கடைத்தெருவில் ஒரு தையற்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே அந்த ஸ்கேட்போர்டு கடை. முன்னால் ஒரு கதவு அகலம்தான்; பின்னால் சிமெண்ட் முற்றம், மூன்று படிகள். என் பதினாறு வயது மகள் சாயங்காலமானால் அங்கேதான். வாங்குவது அபூர்வம். சக்கரம் மாட்டுவது, இரவல் பலகையில் ஏறுவது, விழுவது, விழுந்த கதையைச் சொல்வது. கடைக்காரப் பெண் யாரையும் போகச் சொல்வதில்லை.

அன்று மகளை அழைத்துவரப் போனேன். வாசலிலேயே அந்தச் சத்தம். மரம் தரையில் மோதுகிற சத்தம், டக் டக் டக், ஒரு கூட்டமே சேர்ந்து. உள்ளே ஓடினேன். படிகளுக்குக் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள். முகத்தைக் கைகள் மூடியிருந்தன, முழங்காலில் ரத்தம். சுற்றி நின்றவர்கள் பலகைகளைத் தரையில் அடித்து அடித்துச் சிரித்தார்கள்.

"க்யா தமாஷா ஹை யே? என்ன வேடிக்கை இது? ஒரு பொண்ணு விழுந்தா சிரிப்பீங்களா?"

கத்திக்கொண்டே பக்கத்திலிருந்தவனின் பலகையைப் பிடுங்கி மூலையில் எறிந்தேன். சத்தம் நின்றது. மகள் கைகளை எடுத்தாள். அழுகையில்லை, சிரிப்பு. என் கண்ணெதிரே அது வடிந்தது.

கடைக்காரப் பெண் இந்தியில் மெல்லச் சொன்னாள். ரத்தம் முன்பு விழுந்ததில் வந்தது. இப்போதுதான் முதன்முறையாக என் மகள் பலகையோடு மூன்று படிகளையும் தாண்டி நின்றாள்; சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நாங்க கைதட்டுறது இப்படித்தான், காகா." அந்த ஊரில் மாமாவுக்கு காகா.

ஓசையைக் கேட்டுக் கவிதை வரி எழுதுகிறவன் நான். என் காதை எங்கே கொண்டு வைப்பேன்?

வீடு திரும்பும் வழியில், கோர்படி ரயில்வே கேட்டில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "இனிமே நான் எது பண்ணாலும் யாரும் தட்டமாட்டாங்கப்பா. உங்களுக்கு பயந்து."

அடுத்த நாள் அவள் கடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும். இரவல் பலகை கட்டிலடியில் கிடந்தது. நான் மட்டும் கடைக்குப் போய், உடைந்த இந்தியில் மன்னிப்புக் கேட்டேன்.

"காகா, இன்னிக்கு எதை எறியப்போறீங்க?" என்றான், அன்று நான் பலகையைப் பிடுங்கிய பையன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"அவளை அனுப்புங்க," என்றாள் கடைக்காரப் பெண். "நீங்க மட்டும்..." அவள் கண் வாசலுக்குப் போனது.

சனிக்கிழமை அவளைக் கடைவாசலில் இறக்கினேன். உள்ளே சக்கரங்கள் உருண்டன. ஒரு தலை எட்டி என்னைப் பார்த்துவிட்டு மறைந்தது. நான் நின்றால் தட்டமாட்டார்கள். வண்டியைக் கிளப்பி சர்ச் முனைக்குப் போனேன். அங்கே பஸ் ஹாரன் தவிர எதுவும் கேட்காது.

இருட்டுகிற நேரத்தில் முழங்கையில் புதுச் சிராய்ப்போடு வந்து ஏறினாள். தட்டினார்களா என்று கேட்காமல் வண்டியைக் கிளப்பினேன். பின்னால் அவள் டக் டக் டக் என்று எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.